நுங்கை எந்தப் பக்கம் வெட்டுவது? சூலகக் கட்டியும் த்ரீடி ஸ்கானும்

எங்கள் ஊரில் விஞ்ஞானம் படிப்பிக்கிற வாத்தியார் என்றால் பாதி டொக்டர் என்று ஒரு நினைப்பு. இரத்த ரிப்போட், எக்ஸ்ரே, ஸ்கான் என்று ஆங்கிலத்தில் எது கைக்கு வந்தாலும், பின்னேரம் யாராவது அதை உறையோடு எடுத்துக்கொண்டு எங்கள் படலையைத் திறப்பார்கள். தெரிந்ததைச் சொல்லுவேன். தெரியாததற்கு, என்னிடம் உயர்தரம் படித்து இப்போது கதிரியக்கவியல் நிபுணராக இருக்கிற பிள்ளைக்குப் போன் எடுப்பேன்.

போன மாதம் வந்தவர் கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வேலி தள்ளி இருக்கிற அக்கா. வயது 47. அடிவயிறு மந்தமாக நோகிறது என்று தனியார் நிலையம் ஒன்றில் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் எடுத்திருக்கிறா. ரிப்போட்டில் மூன்று வரிதான்: இடது சூலகப் பக்கம், 7.8 சென்ரிமீற்றர் நீளம், பல அறைகள் கொண்ட நீர்க்கட்டி. அதற்குக் கீழே, மேற்கொண்டு ஆராயவும் என்று ஒரு குறிப்பு.

“உது கான்சரோ தம்பி?”

“உதில அப்பிடி ஒண்டும் எழுதேல்லை அக்கா.”

“த்ரீடி எடுத்தா துப்புரவாத் தெரியுமாமே. வயித்துக்குள்ள இருக்கிற பிள்ளையின்ர முகமே தெரியுதாம், உது தெரியாதோ?”

கேட்டதில் பிழை இல்லை. பிறக்கப்போகும் பேரப்பிள்ளையின் மூக்கும் உதடும் தெரிகிற மஞ்சள் நிறப் படத்தைப் போனில் காட்டாத அம்மம்மா இப்போது யாழ்ப்பாணத்தில் குறைவு. அவ்வளவு தெளிவாகப் படம் பிடிக்கிற மெஷினுக்கு ஒரு கட்டி நல்லதா கெட்டதா என்று சொல்வது பெரிய காரியமா என்று யாருக்கும் தோன்றும். ஆனால் பிள்ளையின் முகம் அப்படித் தெரிவதற்கு ஒரு வசதி இருக்கிறது. முகத்துக்கு முன்னால் பனிக்குட நீர் நிற்கிறது. நீரும் தோலும் சந்திக்கிற எல்லையை மெஷின் இலேசாகப் பிரித்து எடுக்கும். சூலகக் கட்டிக்கு வெளியே பெரும்பாலும் நீர் இருப்பதில்லை. குடலும் கொழுப்பும் ஒட்டிக்கிடக்கும். அதோடு, கட்டியின் வெளி முகம் அழகாகத் தெரிந்து பெரிதாக ஆவது ஒன்றுமில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரு சொல், பல கட்டிகள்

தமிழில் ‘கட்டி’ என்கிற சொல் படுகிற பாடு கொஞ்சமல்ல. அக்குளில் வருகிற சீழும் கட்டி, கர்ப்பப்பையில் வளர்கிற தசையும் கட்டி, புற்றுநோயும் கட்டி. அதனால்தான் ரிப்போட்டில் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் வீடே இடிந்துபோய் இருக்கிறது.

சூலகம் என்பது சாதாரணமாக மூன்று, நான்கு சென்ரிமீற்றர் நீளமான சின்னச் சுரப்பி. தமிழ்நாட்டில் சினைப்பை என்பார்கள். மாதந்தோறும் அதற்குள் ஒரு முட்டை முதிரும்போது அதைச் சுற்றி நீர்ப்பை ஒன்று வளர்ந்து, ஏறக்குறைய 2 சென்ரிமீற்றரில் வெடிக்கும். வெடிக்காமல் நின்று பெருத்தால் அது ஒரு நீர்க்கட்டி. இரண்டு மூன்று மாதவிடாய்க்குள் அது தானாக வற்றிப்போவது வழக்கம். இன்னொரு வகை டெர்மொயிட். அதைத் திறந்து பார்த்தால் கொழுப்பு, தலைமயிர், சிலவேளை பல்கூட இருக்கும். பேய் பிசாசு என்று கதை கட்டினாலும் அது பெரும்பாலும் நல்ல கட்டிதான். எண்டோமெற்றியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்படை போன்ற திசு வெளியே வேறு இடங்களில் வளர்கிற நோய்) உள்ளவர்களுக்குப் பழைய இரத்தம் தேங்கி, கரைத்த சொக்லேற் போல இருக்கிற கட்டி வரும். இளம் பிள்ளைகளின் ரிப்போட்டில் அடிக்கடி வருகிற பிசிஓஎஸ் இந்தக் கணக்கிலேயே சேராது. அது சின்னச் சின்ன முட்டைப்பைகள் கூடுதலாகத் தெரிகிற நிலை, கட்டி அல்ல.

கெட்ட கட்டிகளிலும் ஒன்றல்ல, பல. மாதவிடாய் நின்ற பிறகு கூடுதலாக வருவது சூலகத்தின் மேற்பரப்போடு தொடர்பான புற்றுநோய். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு வருவது முட்டைக் கலங்களில் தொடங்குகிற வேறு வகை. வயிற்றிலோ பெருங்குடலிலோ தொடங்கிய புற்றுநோய் சூலகத்தில் வந்து குடியேறுவதும் உண்டு. நல்லதும் இல்லை, முழுக்கக் கெட்டதும் இல்லை என்று எல்லைக்கோட்டில் நிற்கிற ஒரு கூட்டமும் நடுவில் இருக்கிறது. ஸ்கான் பார்ப்பவருக்குத் தலையிடி கொடுப்பது பெரும்பாலும் இந்த நடுக்கூட்டம்தான்.

1847இல் இங்கே வந்து மானிப்பாயில் தங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் என்று பாடநூல்களையே தமிழில் அச்சிட்டவர். அதே மண்ணில் இன்றைக்கு மூன்று வரி ரிப்போட்டை வாசிக்க ஆள் தேடி அலைகிறோம். சரி, அது வேறு கதை.

வெட்ட முதல் ஏன் தெரிய வேண்டும்

மார்பில் கட்டி என்றால் ஊசி குத்திச் சின்னத் துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். சூலகத்தில் மட்டும் பிடித்த கட்டி என்றால் அப்படிச் செய்ய மாட்டார்கள். அது ஒரு மூடிய பை. உள்ளே புற்றுநோய்க் கலங்கள் இருந்தால், ஊசி போட்ட ஓட்டை வழியாக அவை வயிற்றறைக்குள் சிந்தலாம். ஒரே சூலகத்துக்குள் அடங்கிக் கிடக்கிற புற்றுநோயை முதல் நிலையின் ‘ஏ’ பிரிவு என்பார்கள். ஒப்பரேஷன் நேரத்தில் பை உடைந்தால் அது ‘சி’ பிரிவுக்குப் போய்விடும். 2014இல் திருத்தப்பட்ட சர்வதேச வகைப்படுத்தலில் இதற்கென்றே தனி எண் உண்டு. பிறகு மருந்து ஏற்றுவதா இல்லையா என்ற முடிவே அதனால் மாறலாம்.

அதனால் இங்கே தீர்ப்பு, கட்டியை முழுதாக வெளியே எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்த பிறகுதான் வரும். ஒப்பரேஷன் திட்டம் அதற்கு முன்பே போட்டாக வேண்டும். லப்பரஸ்கோப்பி என்று மூன்று சின்னத் துளையோடு முடிப்பதா, தொப்புளுக்கு மேலும் கீழுமாக நெடுக்காக வெட்டுவதா? கட்டியை மட்டும் உரித்தெடுத்துச் சூலகத்தைக் காப்பாற்றுவதா, சூலகத்தோடு எடுப்பதா? வழமையான பெண்நோயியல் நிபுணர் செய்யலாமா, பெண்நோய்ப் புற்றுநோய் அறுவையில் தேர்ந்தவரிடம் அனுப்புவதா? கல்யாணம் ஆகாத 24 வயதுப் பிள்ளைக்கும் 62 வயது அம்மாவுக்கும் ஒரே அளவுக் கட்டி இருக்கலாம், திட்டம் ஒன்றாக இருக்க முடியாது.

பிழை இரண்டு பக்கமும் நடக்கும். புற்றுநோயைச் சும்மா நீர்க்கட்டி என்று நினைத்துத் துளை போட்டுக் குத்தினால் ஒரு பாதகம். சும்மா கிடந்த டெர்மொயிட்டுக்குப் பயந்து 35 வயதுப் பெண்ணின் இரண்டு சூலகத்தையும் எடுத்துவிட்டால் மறுநாளே அவளுக்கு மாதவிடாய் நின்ற உடம்பு. இரண்டாவது பாதகத்தைப் பற்றி ஊரில் யாரும் அதிகம் கதைப்பதில்லை. “நல்ல காலம், எல்லாத்தையும் எடுத்துப்போட்டினம்” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

பெண்நோயியலில் அல்ட்ராசவுண்டின் பிறப்பே இந்தக் கேள்வியோடு ஒட்டியது. 1955இல் கிளாஸ்கோ நகரத்துப் பேராசிரியர் இயன் டொனால்ட், பொயிலர் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் இரும்பில் வெடிப்புத் தேட வைத்திருந்த கருவியைப் பார்க்கப் போனார். ஒப்பரேஷனில் எடுத்த கர்ப்பப்பைத் தசைக்கட்டிகளையும் சூலக நீர்க்கட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க அங்கே ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் தயாராக இருந்தது. திடமான கட்டி ஒரு விதமாகவும் நீர் நிறைந்தது இன்னொரு விதமாகவும் எதிரொலித்தது. மூன்று வருடம் கழித்து, 1958இல், மருத்துவ இதழில் வெளிவந்த அவர் குழுவின் கட்டுரையில் ஒரு பெண்ணின் கதை வருகிறது. வயிறு வீங்கி, இனி ஒப்பரேஷனுக்கு இடமில்லாத வயிற்றுப் புற்றுநோய் என்று கைவிடப்பட்டவர். ஸ்கானில் தெரிந்ததோ பென்னம்பெரிய சூலக நீர்க்கட்டி. அதை எடுத்தார்கள், அவர் பிழைத்தார். வயிற்றுப் பிள்ளையின் படம் பிரபலமானது அதற்குப் பிறகுதான்.

மூன்று கண் எங்கே போச்சு?

த்ரீடி என்றால் என்ன என்று அக்காவுக்கு விளங்கப்படுத்த எனக்குக் கிடைத்தது நுங்கு. தலைப்பக்கம் குறுக்காகச் சீவினால் மூன்று கண்ணும் வரிசையாகத் தெரியும். அதே காயை நெடுக்காகப் பிளந்தால் ஒரு கண்தான் தெரியும், சிலநேரம் இரண்டு. காய் ஒன்றுதான், கத்தி போன பக்கம் வேறு.

சாதாரண ஸ்கான் ஒவ்வொரு கணமும் ஒரு வெட்டுமுகத்தைத்தான் காட்டும். எடுப்பவர் புரோப்பை, அதாவது உடம்பில் வைத்துப் பிடிக்கிற கருவியை, சரித்தும் திருப்பியும் நூறு வெட்டைப் பார்த்து, முழு நுங்கைத் தன் மண்டைக்குள் கட்டுவார். அனுபவசாலிக்கு அது பழகின வேலை. ஆனால் நோயாளி எழும்பிப் போன பிறகு மிஞ்சுவது அவர் பிடித்து வைத்த நாலைந்து படம் மட்டும்.

த்ரீடி புரோப்புக்குள் ஒரு சின்ன மோட்டர் இருக்கிறது. ஒலியலையை அனுப்பி வாங்குகிற வரிசையை அது விசிறி போல ஒரு பக்கமிருந்து மறுபக்கம் அசைக்கும். சில விநாடிகளில் அடுக்கடுக்காக வெட்டுமுகங்கள் விழும். கணினி அவற்றைச் சேர்த்து ஒரு கனத் துண்டாக்கி வைத்துக்கொள்ளும். அதாவது முழு நுங்கும் பெட்டிக்குள் வந்துவிட்டது. இனி எந்தப் பக்கம் வேண்டுமானாலும், எத்தனை தரம் வேண்டுமானாலும் வெட்டலாம். புரோப்பை எந்தக் கோணத்தில் வைத்தாலும் நேரடியாகக் கிடைக்காத, உடம்பை முன்னிருந்து பார்ப்பது போன்ற வெட்டும் இப்படிக் கிடைக்கும். இதற்கான ஆராய்ச்சி 1980களில் டோக்கியோவில் கசுநோரி பாபாவின் கையில் உருவெடுத்தது. கடைக்கு வந்த முதல் மெஷின் 1989இல் ஆஸ்திரியாவின் கிறெட்ஸ்டெக்னிக் கம்பனியுடையது.

இதனால் சூலகக் கட்டியில் உண்மையாகவே கிடைக்கிற லாபம் எது? கதிரியக்கவியல் நிபுணராக இருக்கிற என் மாணவியிடம் இதைக் கேட்டபோது அவ முதலில் சொன்னது கட்டியைப் பற்றியே அல்ல, குழாயைப் பற்றி. சூலகத்துக்கும் கர்ப்பப்பைக்கும் நடுவே ஓடுகிற கருக்குழாய், பழைய கிருமித்தொற்றால் நுனி அடைபட்டால், நீர் நிறைந்து வீங்கும். வீங்கிய குழாய் நேராகக் கிடக்காது. பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸ் போல மடங்கிக் கிடக்கும். மடிப்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்தில் நீர் அறைகள், நடுவே சுவர்கள். பல அறைக் கட்டியேதான்! கனத் துண்டாக எடுத்து, நீர் இருக்கிற இடங்களை மட்டும் திடமாகக் காட்டச் சொன்னால், அறைகள் ஒன்றோடொன்று தொடுத்து வளைந்த ஒரே குழாயாக எழும்பி வரும். சுவர் என்று நினைத்தது பாதியில் நின்றுபோகிற மடிப்பு. இந்த ஒரு இடத்தில் த்ரீடி போட்ட காசுக்கு வேலை செய்கிறது.

இன்னொன்று உட்சுவர். நீர்க்கட்டியின் உள்ளே சுவர் வழவழப்பாக இருந்தால் மனம் ஆறும். பாகற்காய்த் தோல் போல மொட்டு மொட்டாகத் தசை முளைத்திருந்தால் கவலை. இங்கே நீர் உள்ளே இருக்கிறபடியால், பிள்ளையின் முகத்துக்குச் செய்த அதே வித்தையைக் கட்டியின் உட்பக்கத்தில் செய்யலாம். எத்தனை முளை, எந்தச் சுவரில், எவ்வளவு உயரம் என்று எண்ணலாம். கர்ப்பப்பையிலிருந்து காம்போடு தொங்குகிற தசைக்கட்டியைச் சூலகக் கட்டி என்று மயங்கினால், காம்பு எங்கே போய் ஒட்டுகிறது என்று வெட்டி வெட்டித் தேடலாம். கட்டியின் ஓரத்தில் நல்ல சூலகத் திசு பிறை போல எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதும் தெரியும். பிள்ளை பெற இருக்கிற பெண்ணுக்கு அந்தப் பிறைதான் முக்கியம்.

கன அளவும் கொஞ்சம் திருத்தமாகும். சாதாரண முறையில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 0.523ஆல் பெருக்குவார்கள். 7.8, 5.2, 4.6 சென்ரிமீற்றர் என்றால் ஏறக்குறைய 98 மில்லிலீற்றர். முட்டை வடிவத்துக்கு இந்தக் கணக்குப் பொருந்தும், மடங்கிக் கிடக்கிற ஹோஸுக்குப் பொருந்தாது. த்ரீடியில் ஒவ்வொரு கோணத்திலும் ஓரம் கீறி உண்மையான கன அளவை எடுக்கலாம். உண்மையில் கட்டி 98ஆ 90ஆ என்பதால் ஒப்பரேஷன் திட்டம் மாறியதை நான் கேள்விப்பட்டதில்லை.

எண்கள் தந்த நம்பிக்கை, எண்கள் தந்த ஏமாற்றம்

புற்றுநோய் வளரத் தனக்கென்று புதிய இரத்தக் குழாய்களை முளைப்பித்துக்கொள்ளும். அவசரத்தில் கட்டின வீடு போல அந்தக் குழாய்களின் சுவரில் தசை சரியாக இராது. இரத்தம் தடையில்லாமல் பாயும். டொப்ளர் என்கிற முறை அந்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும். ஓட்டத்தின் தடையை அளந்தாலே புற்றுநோயைப் பிடித்துவிடலாம் என்று 1990களின் தொடக்கத்தில் பெரிய உற்சாகம் இருந்தது. பிறகு பார்த்தால், முட்டை வெடித்த பிறகு ஒவ்வொரு மாதமும் சூலகத்தில் உருவாகிற மஞ்சட் சடலத்தைச் சுற்றியும் அதே தடையில்லாத ஓட்டம், நெருப்பு வளையம் போல. உற்சாகம் வடிந்தது.

த்ரீடி வந்தவுடன் அது மீண்டும் கிளம்பியது. இம்முறை கட்டியின் முழுக் கனத்திலும் நிறம் எத்தனை வீதம், ஓட்டம் எவ்வளவு பலம் என்று கணினியே மூன்று குறியெண் தரும். சாகிரெப் நகரில் ஆசிம் குர்ஜாக்கின் குழு இதை முன்னுக்கு நின்று ஆதரித்தது. படங்களும் பார்க்கப் பிரமாதம். கட்டியின் இரத்தக் குழாய்கள் மட்டும் தனியாக ஆலமரத்து வேர் போல நிற்கும். ஆனால் 2007இல் சுவீடனின் மால்மோவிலிருந்து வந்த ஆய்வு, அனுபவமுள்ள ஒருவர் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துச் சொல்வதோடு ஒப்பிட்டால் இந்த எண்கள் கூட்டித் தருவது சொற்பம் என்றது.

ஏன் என்பது விளங்கினால் ரிப்போட் வாசிக்கிறபோது உதவும். அந்தக் குறியெண் உடம்பில் மட்டும் தங்கியிருக்கவில்லை. திரும்பி வருகிற எதிரொலியை மெஷின் பெருக்கிக் காட்டுகிற அளவைக் கூட்டிக் குறைத்தால் எண் மாறும். கட்டி தோலிலிருந்து ஆழமாக இருந்தால் ஓட்டம் குறைவாகத் தெரியும். முழுக் கட்டியை அளப்பதா, சிவந்து தெரிகிற மூலையில் ஒரு சின்ன உருண்டையை மட்டும் அளப்பதா என்பதைப் பொறுத்தும் மாறும். ஒரு நிலையத்து 12ஐ இன்னொரு நிலையத்து 12ஓடு ஒப்பிட முடியாது. அப்படி ஒரு எண்ணை மட்டும் அடிக்கோடிட்டுக் காட்டி யாராவது பயமுறுத்தினால், நான் என்றால் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு அடுத்த வரியைப் பார்ப்பேன்.

அப்படியானால் உலகம் எதை நம்புகிறது? சூலகக் கட்டிகளை ஆராய்கிற ஐயோட்டா என்ற சர்வதேசக் குழு 1999இல் தொடங்கியது. டேர்க் டிமர்மான், லில் வலன்டின், டொம் போர்ன் ஆகியோர் முன்னின்ற குழு. அவர்கள் முதலில் செய்தது சொற்களை ஒழுங்குபடுத்துவது: அறை என்றால் எது, முளை என்றால் எத்தனை மில்லிமீற்றர் உயரம், திடம் என்றால் எது. ஆளுக்கொரு சொல் பாவித்துக்கொண்டு யாரும் யாரோடும் ஒப்பிட முடியாது என்று 2000இல் அகராதியே போட்டார்கள். 2008இல் பத்து எளிய விதிகள் வந்தன. ஒரே அறை, கட்டிக்குப் பின்னால் நிழல் விழுதல், 10 சென்ரிமீற்றருக்குக் குறைந்த வழவழப்பான பல அறை, இரத்த ஓட்டமே இல்லாமை போன்றவை நல்ல பக்கம். ஒழுங்கற்ற திடக் கட்டி, வயிற்றில் நீர், நாலோ அதற்கு மேலோ முளை, மிகப் பலமான ஓட்டம் போன்றவை கெட்ட பக்கம். ஒரு பக்கத்து அடையாளம் மட்டும் இருந்தால் முடிவு சொல்லலாம். இரண்டும் கலந்திருந்தாலோ ஒன்றுமே இல்லாவிட்டாலோ நிபுணரிடம் அனுப்ப வேண்டும். ஏறக்குறைய நாலில் மூன்று கட்டிகள் இந்த விதிகளுக்குள் அடங்கின.

கட்டி கெட்டதாக இருக்கிற வாய்ப்பைக் கணக்கிட அதே குழு 2014இல் தந்த அட்நெக்ஸ் கணிப்பு ஒன்பது விடயங்களைக் கேட்கிறது: வயது, சிஏ-125 என்கிற புரதத்தின் இரத்த அளவு, பரிசோதிக்கும் இடம் புற்றுநோய் மையமா, கட்டியின் நீளம், திடப் பகுதி, பத்துக்கு மேல் அறையா, முளைகளின் எண்ணிக்கை, நிழல், வயிற்று நீர். இந்த ஒன்பதில் ஒன்றுகூட த்ரீடி இல்லாமல் பார்க்க முடியாதது இல்லை. என்னைக் கேட்டால், யாழ்ப்பாணத்தில் த்ரீடிக்கு அலைகிறவர்கள் முதலில் அறிய வேண்டிய விடயம் இதுதான்.

சிஏ-125ஐப் பற்றி ஒரு வார்த்தை. 35க்கு மேல் என்றால் கான்சர் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. எண்டோமெற்றியோசிஸ், வயிற்றறைக் காசநோய், கர்ப்பம், ஏன் மாதவிடாய் நாட்களில்கூட அது ஏறும். மறுபக்கத்தில், முதல் நிலைப் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது ஏறுவதே இல்லை. ஸ்கான் புள்ளி, மாதவிடாய்ப் புள்ளி, சிஏ-125 மூன்றையும் பெருக்கிப் பார்க்கிற 1990ஆம் ஆண்டுக் கணக்கொன்று இன்னும் பாவனையில் இருக்கிறது. 200ஐத் தாண்டினால் கவலை. இரண்டு பக்கமும் சொக்லேற் கட்டி இருக்கிற 30 வயதுப் பெண்ணுக்கு அறைகளும் இருந்தால் 3, மாதவிடாய் உள்ளதால் 1, இரத்த அளவு 150 என்று வைத்தால் 450. நல்ல கட்டிதான், கணக்கு மட்டும் பயமுறுத்துகிறது.

தண்ணீர் குடிப்பதா, போய்விட்டு வருவதா

படம் எவ்வளவு தெளிவாக விழும் என்பது மெஷினின் விலையைவிடப் புரோப் வைக்கிற இடத்தைப் பொறுத்தது. வயிற்றுக்கு மேலால் எடுக்கும்போது தோல், கொழுப்பு, குடல்வாயு எல்லாவற்றையும் தாண்டி ஒலி போக வேண்டும். அதற்கு ஆழம் போகிற குறைந்த அதிர்வெண் தேவை, நுணுக்கம் குறையும். அதனால்தான் தண்ணீர் குடித்துச் சலத்தை அடக்கிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். நிறைந்த சலப்பை குடலை மேலே தள்ளி ஒரு யன்னல் திறந்துவிடும். யோனி வழியாக எடுக்கும்போது சூலகம் புரோப்பிலிருந்து சில சென்ரிமீற்றர்தான். அதிர்வெண்ணைக் கூட்டலாம், மில்லிமீற்றர் அளவு முளையும் தெரியும். அதற்குச் சலப்பை காலியாக இருக்க வேண்டும்.

இது எங்கள் ஊரில் வெளியே கதைக்காத விடயம். “உள்ளுக்கால எடுக்கிற ஸ்கான்” என்றவுடன் பல பெண்கள் எழும்பி வந்துவிடுகிறார்கள். கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு அப்படி எடுப்பதும் இல்லை. வயிற்று வழியாக, தேவைப்பட்டால் மலவாசல் வழியாக, அல்லது எம்ஆர்ஐ என்று போவார்கள். கல்யாணம் கட்டின பெண் வேண்டாம் என்று சொன்னாலும் அது அவரின் உரிமை. ஆனால் வயிற்று வழியாக எடுத்த மங்கலான த்ரீடியைவிட உள்வழியாக எடுத்த நல்ல டூடி (சாதாரண வெட்டுமுகப் படம்) மேல் என்பதைத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். பெண் உதவியாளர் ஒருவர் அறைக்குள் நிற்கக் கேட்கலாம், அது வழமை.

த்ரீடிக்கென்று வேறு சங்கடங்களும் உண்டு. மூச்சோ குடலோ அசைந்தால் துண்டு நெளிந்து விழும். 15 சென்ரிமீற்றர்க் கட்டி ஒரே வீச்சுக்குள் அடங்காது. முதல் டூடி மங்கல் என்றால் அதிலிருந்து கட்டுகிற த்ரீடியும் மங்கல்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டிக்குள் போன நுங்கு உறைந்துபோன நுங்கு. நல்ல ஸ்கான்காரர் புரோப்பால் மெதுவாக அமத்தி, கட்டியும் கர்ப்பப்பையும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போகிறதா, ஒட்டிப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார். “இதில நோகுதா?” என்று கேட்பார். கட்டி ஒட்டியிருந்தால் ஒப்பரேஷன் இரு மடங்கு கஷ்டம். அந்த வழுக்கலும் அந்த நோவும் சேமித்த துண்டில் இல்லை. புற்றுநோய் மேல்வயிற்றிலும் குடல் கொழுப்பிலும் பரவியிருக்கிறதா என்பதற்குச் சிடிதான் வேண்டும்.

இனி யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு விடயம். 2006இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை மூடப்பட்டபோது, இங்கிருந்த புற்றுநோயாளிகள் கொழும்புக்குப் பக்கத்தில் மஹரகமவில் இருக்கிற புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போக விமானத்துக்கும் கப்பலுக்கும் காத்திருந்தார்கள். பிறகு தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை வந்தது; 2011இல் தெவிநுவரையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த நடைபவனியில் சேர்ந்த காசு அதற்கு உதவியது. பாதை திறந்திருக்கிற இன்றைக்கும் கொழும்பு 400 கிலோமீற்றர் தூரம்தான். நிபுணர் ஒருவரின் இரண்டாவது அபிப்பிராயம் வேண்டுமென்றால் நோயாளிதான் பஸ் ஏற வேண்டும், ஏனென்றால் கையில் இருக்கிற நாலு படம் யாருக்கும் போதாது. அதுவும் வெப்பத்தாளில் அடித்த படம். எங்கள் வெயிலில் இரண்டு வருடத்தில் மங்கிப்போகும். கனத் துண்டைச் சேமித்திருந்தால் அதை அனுப்பலாம். தூரத்தில் இருக்கிறவர் தானே புரோப்பைப் பிடித்தது போல அதை வெட்டிப் பார்ப்பார். த்ரீடியின் பெரிய உபயோகம் அழகான படம் என்றில்லாமல் இப்படி அனுப்பக்கூடிய படம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் துண்டைச் சேமித்துத் தாருங்கள் என்று நாங்கள் கேட்பதில்லை, கேட்காமல் தருகிற வழக்கமும் குறைவு.

அக்கா கிளினிக்குக்குப் போனா. அங்கே வீஓஜி (மகப்பேற்று, பெண்நோயியல் நிபுணர்) பார்த்துவிட்டு உள்வழி ஸ்கானுக்கு எழுதினார். அக்கா போன முறை போல விடியவே ஒன்றரை லீற்றர் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறா. “போய்விட்டு வாங்கோ அம்மா” என்று திருப்பி அனுப்பினார்களாம். டூடியிலேயே சுவர்கள் பாதியில் நிற்பது தெரிந்திருக்கிறது. உறுதிப்படுத்த த்ரீடியில் ஒரு வீச்சு. சூலகம் தனியாக, சின்னதாக, பக்கத்தில் இருந்தது. 7.8 சென்ரிமீற்றர்க் கட்டி என்றது இடது கருக்குழாய், நீர் நிறைந்து இரண்டு மடிப்பாக.

“அப்ப வெட்டத் தேவையில்லையாமோ?”

இப்போதைக்கு இல்லை என்றிருக்கிறார்கள். நோவு கூடினால் உடனே வர வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கான். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் தாங்களும் ஒருமுறை எடுத்துப் பார்ப்போமா என்று கேட்டார்கள். பிரித்தானியாவில் 50 வயதுக்கு மேற்பட்ட 202,638 பெண்களைச் சேர்த்துச் செய்த பரிசோதனையின் முடிவு 2021இல் வந்தது. நோய்க்குறி இல்லாதவர்களுக்கு வருடாவருடம் ஸ்கானோ இரத்தமோ பார்த்ததால் சூலகப் புற்றுநோய் மரணம் குறையவில்லை. அதைச் சொன்னேன். வயிறு ஊதல், கொஞ்சம் சாப்பிட்டவுடன் நிறைவு, அடிக்கடி சலம் போதல், அடிவயிற்று நோவு என்று வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் மட்டும் காட்டச் சொன்னேன்.

அக்கா இந்த முறை படத்தோடு ஒரு பென்டிரைவும் கேட்டு வாங்கி வந்திருக்கிறா. பாங்க் புத்தகம் வைக்கிற தகரப் பெட்டிக்குள், உறுதிக்கடதாசிகளுக்கு மேலே கிடக்கிறது.